ஒன்பதரையா, பதினொன்றரையா? மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அமுக்க விகிதம் பற்றி

பனகல் பூங்கா சிக்னலில் இரண்டு ராயல் என்பீல்டுகள் அருகருகே நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று கிளாசிக் 350, மற்றொன்று ஹிமாலயன் 450. இரண்டும் சென்னை நிறுவனத்தின் வண்டிகள். இரண்டின் டேங்கிலும் ஒரே பங்க்கின் பெட்ரோல். முதல் வண்டி தான் இழுத்த காற்று–பெட்ரோல் கலவையை 9.5-இல் ஒரு பங்காக நசுக்கிய பிறகு தீ வைக்கிறது. இரண்டாவது 11.5-இல் ஒரு பங்காக நசுக்குகிறது. 1955-இல் மதராஸில் என்பீல்டு இந்தியா தொடங்கிய காலத்துப் புல்லட் 350-இல் அந்த எண் 6.5 அளவில்தான் இருந்தது.

பிஸ்டன் கீழே நிற்கும்போது அதற்கு மேல் உள்ள மொத்த இடம், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடத்தைப் போல எத்தனை மடங்கு என்பதே அமுக்க விகிதம். விளக்க ஒரு வரி போதும். எவ்வளவு வைப்பது என்பதற்குத்தான் நூறு ஆண்டுகளாகப் பல விடைகள். எரிபொருளைப் பார், எரியறையின் வடிவத்தைப் பார், வால்வு மூடும் நேரத்தைப் பார், எல்லாவற்றையும் மின்னணுவிடம் விட்டுவிட்டு விகிதத்தை ஏற்று எனப் பிரிந்து நிற்கும் அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதே இங்கே பேசப்படுவது.

கேள்வியின் தொடக்கம்

தீ வைக்கும் முன் கலவையை இயன்றவரை அமுக்க வேண்டும் என்பதை 1862-இலேயே பிரெஞ்சுப் பொறியாளர் அல்போன்ஸ் போ த ரோஷா எழுதிவைத்தார். 1876-இல் நிக்கோலாஸ் ஓட்டோ செய்துகாட்டிய நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் விகிதம் ஏறத்தாழ 2.5 மட்டுமே. கொள்கைக்கும் இரும்புக்கும் இடையே அவ்வளவு தூரம் இருந்தது.

கொள்கை சொல்வது எளிது. விகிதம் கூடினால், எரிந்த வாயு விரிவதற்கும் அதே அளவு கூடுதல் இடம் கிடைக்கிறது. வெப்பத்தில் பெரும் பங்கு வேலையாக மாறுகிறது. பாடநூல்களின் இலட்சியச் சுழற்சிக் கணக்குப்படி 6.5-க்கு வெப்பத்திறன் 52.7 சதவீதம், 8.5-க்கு 57.5, 9.5-க்கு 59.4, 12.5-க்கு 63.6. நிஜ எஞ்சினில் இதன் பாதி கிடைத்தாலே பெரிது. ஆனால் இந்த எண்களுக்கு இடையே உள்ள இடைவெளி உண்மையைத்தான் காட்டுகிறது. 6.5-இலிருந்து 7.5-க்கு ஏறினால் திறன் ஏறத்தாழ 5 சதவீதம் கூடும். 11.5-இலிருந்து 12.5-க்கு ஏறினால் கிடைப்பது 2 சதவீதம்தான். மேலே போகப்போக ஒவ்வொரு படிக்கும் வரவு குறைகிறது, ஆபத்து மட்டும் குறைவதில்லை. ‘கம்ப்ரஷன் ஏத்தினா பிக்கப் வரும்’ என்று பட்டறைகளில் சொல்வது பொய்யில்லை. பழைய புல்லட்டுக்கு அது பொருந்திய அளவுக்கு இன்றைய வண்டிக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

ஆபத்தின் பெயர் நாக்கிங். தீப்பொறியிலிருந்து கிளம்பிய சுவாலை கடைசி மூலையை எட்டுவதற்குள், அங்கே அழுந்திக் கிடக்கும் கலவை சூடு தாங்காமல் தானே தீப்பிடிக்கிறது. அழுத்த அலைகள் உலோகத்தில் மோதி ‘டிங் டிங்’ என்று கேட்கின்றன. தொடர்ந்தால் பிஸ்டனின் விளிம்பு அரிக்கும், ரிங் உடையும். இதை முறையாக அளந்தவர் இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ. ஓடிக்கொண்டிருக்கும்போதே விகிதத்தை மாற்றக்கூடிய ஈ35 என்ற சோதனை எஞ்சினை 1919-இல் கட்டி, ஒவ்வொரு எரிபொருளும் எந்த விகிதம் வரை தட்டாமல் தாங்கும் என்று வரிசைப்படுத்தினார். முதலில் பிறந்த விடையின் வேர் இந்தச் சோதனைதான்.

பெட்ரோலே தீர்மானிக்கும் என்போர்

இந்தத் தரப்புக்கு எரிபொருள் தாங்கும் உச்சம்தான் விகிதம், மற்றதெல்லாம் பிறகு. 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் ஒன்று நாக்கிங்கை அடக்குவதைக் கண்டார். 1926-இல் கிரஹாம் எட்கர், எரிபொருள் நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் அளவுகோலை முன்வைத்தார். அதன்பின் அமெரிக்க எஞ்சின்களின் விகிதம் பங்க்கின் ஆக்டேனோடு கைகோத்து ஏறியது. ஜெனரல் மோட்டார்ஸின் கேரிஸும் நெல்சனும் 1959-இல் வெளியிட்ட சோதனைகளில், நாக்கிங் வராத எரிபொருளைக் கொடுத்தபோதும் திறன் 17 அளவில் உச்சம் தொட்டு, அதற்குமேல் இறங்கியது. இன்றும் இந்த விவாதத்தில் மேல் எல்லையாகக் காட்டப்படும் எண் அது.

புல்லட்டின் 6.5-ஐ இந்தத் தரப்பால் நன்றாக விளக்க முடிகிறது. போர்க்கால பிரிட்டனில் எல்லாக் கம்பெனிகளின் பெட்ரோலையும் ஒன்றாகக் கலந்து விற்றார்கள்; அந்தப் பொதுப் பெட்ரோலின் ஆக்டேன் 70-ஐ ஒட்டியே இருந்தது. 1953 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. இங்கிலாந்தின் ரெட்டிட்சில் அந்தப் பெட்ரோலுக்கு வரையப்பட்ட எஞ்சின்தான் திருவொற்றியூர் ஆலைக்கு வந்தது. இங்கே எரிபொருள் மெல்லத்தான் மேம்பட்டது. நெடுங்காலம் 87 ஆக்டேன் பெட்ரோல் சாதாரணம், 93 உயர்ரகம். ஈயமில்லாப் பெட்ரோல் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நின்றது. சாதாரணப் பெட்ரோலின் குறைந்தபட்ச அளவு பிறகு 88, அதன்பின் 91 என்று ஏறியது. 2009 வாக்கில் இங்கே வந்த யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் எஞ்சின் 8.5-க்கு ஏறியதும், இப்போதைய ஜே வரிசை எஞ்சின் 9.5-இல் நிற்பதும் இந்த ஏணியோடு ஒத்துப்போகின்றன.

இந்த எண்களைப் படிப்பதில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. அமெரிக்கப் பங்க்கில் எழுதியிருக்கும் 87 நம்முடைய 87 அல்ல. அங்கே ஆய்வக ஆக்டேன், மோட்டார் ஆக்டேன் இரண்டின் சராசரியைப் போடுகிறார்கள். இந்தியாவில் ஆய்வக ஆக்டேனைப் போடுகிறோம். அவர்களின் 87 நம் 91-க்கு அருகில் வரும். அமெரிக்கக் கையேட்டைப் பார்த்து விகிதம் முடிவு செய்பவர் இந்த ஒரு வேறுபாட்டாலேயே தவறலாம்.

ஆனால் பதினொன்றரையின் முன்னால் இந்தத் தரப்பு திணறுகிறது. ஒரே பெட்ரோலில் 9.5 ஓடுகிறது, 11.5 ஓடுகிறது, கே.டி.எம். 390 டியூக்கின் பழைய 373 சிசி எஞ்சின் 12.6-இல் ஓடியது. எரிபொருள் மட்டும் தீர்மானித்திருந்தால் மூன்றும் ஒரே எண்ணில் நின்றிருக்கும்.

எரியறையின் வடிவம்

வடிவத்தை முன்வைக்கும் தரப்பும் ரிக்கார்டோவிடமே தொடங்குகிறது. சுவாலை வேகமாக ஓடினால் கடைசி மூலைக் கலவைக்குத் தானே தீப்பிடிக்க நேரம் இருக்காது என்று அவர் கண்டார். பிஸ்டனின் ஒரு பகுதியை ஹெட்டை ஒட்டிக் கொண்டுவந்து, அங்கிருந்து கலவையைப் பிதுக்கித் தள்ளிச் சுழலவைக்கும் உத்தி அங்கிருந்து வந்தது. பைக் கட்டுவோர் அதை ஸ்குவிஷ் என்பார்கள். 1967-இல் கீத் டக்வொர்த் வடிவமைத்த காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சினில் நான்கு வால்வுகள் குறுகிய கோணத்தில் அமைந்து, எரியறை தட்டையாகவும் ஸ்பார்க் பிளக் நடுவிலும் வந்தபோது, 11-ஐ ஒட்டிய விகிதம் இயல்பாகவே கிடைத்தது. இன்றைய நாலு வால்வு பைக்குகள் பெரும்பாலும் அந்த ஹெட்டின் வாரிசுகள்.

பழைய புல்லட்டின் அரைக்கோள எரியறையில் பிளக் ஓரத்தில் இருக்கிறது. சுவாலை முழு அகலத்தையும் கடக்க வேண்டும். அதில் விகிதத்தை ஏற்றக் கூம்பு பிஸ்டன் போட்டால், எரியறை ஆரஞ்சுத் தோல் போல மெலிந்து வளைந்துவிடும். வெப்பம் சுவர் வழியே போகும், எரிதல் தாமதமாகும். எண் ஏறியும் இழுவை ஏறாது. விகிதத்தை ஏற்ற மூன்று வழிகள் உண்டு: ஹெட்டைச் சீவுவது, மெல்லிய பேக்கிங் போடுவது, பிஸ்டனை மாற்றுவது. மூன்றிலும் ஒரே எண் வரலாம். மூன்றும் ஒரே எஞ்சின் ஆகாது.

பட்டறையில் வேலை செய்பவருக்கு உதவும் கணக்கு இந்தத் தரப்பிடம்தான் அதிகம். 70 × 90 மில்லிமீட்டர் புல்லட்டின் இடப்பெயர்ச்சி 346 சிசி. 8.5 விகிதத்துக்கு மேலே மிஞ்ச வேண்டிய இடம் 46 சிசி. பேரலின் மேல்முகத்தில் 1 மில்லிமீட்டர் குறைத்தால் போவது 3.85 சிசி, விகிதம் 9.2 ஆகும். அதே 1 மில்லிமீட்டரை 89 × 60 அளவுள்ள கே.டி.எம். எஞ்சினில் குறைத்தால் 32 சிசியில் 6.2 போய்விடும், 12.6 என்பது 15.4-க்குத் தாவும். அகலம் பெரிதாகவும் ஓட்டம் குறைவாகவும் உள்ள எஞ்சினில் ஒரு பேக்கிங்கின் தடிமன்கூடப் பெரிய முடிவு. வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்ற கேள்வி தனி.

ரீபோர் செய்யும்போதும் விகிதம் மாறுகிறது; இதைப் பலர் கவனிப்பதில்லை. 70-ஐ 71 ஆக்கினால் இடப்பெயர்ச்சி 356 சிசி ஆகிறது. மேல் இடம் மாறாவிட்டால் 8.5 என்பது 8.7. கரி படிந்தாலும் ஏறும். ஆகவே பட்டியலில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், ஹெட்டைக் கவிழ்த்து வைத்து பியூரெட்டால் எண்ணெய் ஊற்றி அளப்பதே முறை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைக்கும் வெவ்வேறு தயாரிப்பாளர்களின் பிஸ்டன்களில் மேடும் பின் உயரமும் துளியளவு வேறுபட்டாலும் கணக்கு மாறும்.

டூ ஸ்ட்ரோக்கில் அளக்கும் முறையே வேறு. யமஹா ஆர்எக்ஸ் 100-இன் 6.7-ஐப் பார்த்துத் தாழ்ந்த விகிதம் என்று நினைக்கக் கூடாது. ஜப்பானிய நிறுவனங்கள் எக்ஸாஸ்ட் துளை மூடிய பிறகு எஞ்சும் ஓட்டத்தை மட்டும் கணக்கிடுகின்றன.

வடிவத் தரப்பின் பலவீனம், அது பெரும்பாலும் புதிதாக வரைபவருக்கான விடை என்பதே. இருக்கும் ஹெட்டோடு வாழ வேண்டியவருக்கு வடிவத்தை மாற்றும் உரிமை கொஞ்சம்தான்.

வால்வு மூடும் நேரம்

பந்தயக்காரர்கள் வழியாகப் பரவிய விடை இது. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கிறது. அதுவரை எதுவும் அமுங்குவதில்லை. எனவே வால்வு மூடிய இடத்திலிருந்து கணக்கிட்ட விகிதமே உண்மையான விகிதம் என்பது வாதம். தாமதமாக மூடும் பந்தயக் கேம் போட்ட 10.5 எஞ்சின் தட்டாமல் ஓடலாம். சீக்கிரம் மூடும் சாதாரணக் கேம் போட்ட 9.5 தட்டலாம். 1980-களின் இறுதிவரை சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்திலும், பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் ஓடிய வண்டிகளுக்கு இது பயனுள்ள சிந்தனை. கேமை மாற்றினால் விகிதத்தையும் மறுபடி யோசி என்பதில் தவறில்லை.

ஆனால் அந்தக் கணக்கு கிராங்க் மெதுவாகச் சுழல்வதாக வைத்துப் போட்டது. 7,000 சுற்றில் உள்ளே வரும் காற்றின் வேகமே, பிஸ்டன் ஏறும்போதும் சிலிண்டரை நிரப்பிக்கொண்டிருக்கும். கணக்கில் தாழ்ந்த விகிதம் அங்கே உயர்ந்துவிடுகிறது. ஒரே எண்ணை எல்லா வேகத்துக்கும் உரியதாகச் சொல்லும் பட்டியல்களை ஐயத்தோடு பார்ப்பதே நல்லது. பந்தயத் தடத்தின் அனுபவத்தை அப்படியே தெருவுக்குக் கொண்டுவருவதிலும் இதே சிக்கல் உண்டு: பந்தய வண்டி மூச்சு முட்டும் தாழ்ந்த சுற்றில்தான் தெருவண்டி நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறது.

ஏற்றிவிடு, மின்னணு பார்த்துக்கொள்ளும்

அண்மை இருபதாண்டுகளில் வலுத்த விடை. எஞ்சினின் ஆயுளில் முழுத் திராட்டில் ஓடும் நேரம் சொற்பம். பாதித் திராட்டிலோ கால் திராட்டிலோ சிலிண்டருக்குள் கலவை குறைவு. நாக்கிங் எல்லை வெகு தூரம். ஆகவே அன்றாட ஓட்டத்தில் மிச்சம் தரும் உயர்ந்த விகிதத்தை வைத்துக்கொண்டு, முழுத் திராட்டில் மட்டும் தீப்பொறியைத் தாமதப்படுத்திச் சமாளிக்கலாம் என்கிறது இந்தத் தரப்பு. கார்களில் மாஸ்டாவின் ஸ்கைஆக்டிவ் எஞ்சின் 14 வரை போனது. எரிபொருள் தாழ்ந்த சந்தைகளில் 13. அதற்கு நேரடி உட்செலுத்தலும், எரிந்த வாயு உள்ளே தங்காதபடி நீண்ட எக்ஸாஸ்ட் அமைப்பும் வேண்டியிருந்தன.

பைக்குகளில் அந்த வசதிகள் அரிது. தண்ணீர்க் குளிர்ச்சி, பியூயல் இன்ஜெக்‌ஷன், நாலு வால்வு ஆகிய மூன்றும் சேர்ந்தபோதுதான் யமஹா ஆர்15-இன் 11.6-உம் ஹிமாலயனின் 11.5-உம் வந்தன. கிளாசிக்கின் எஞ்சினில் இன்ஜெக்‌ஷன் உண்டு. ஆனால் குளிர்ச்சி காற்றும் எண்ணெயும் தருவது, வால்வு இரண்டு. அதன் 9.5-ஐக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது.

தாமதித்த தீப்பொறிக்கும் விலை உண்டு. முழுத் திராட்டில் டைமிங் பல டிகிரி பின்வாங்கினால், உயர்ந்த விகிதம் தந்த கூடுதல் இழுவையில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும். பாயின்ட் வைத்த பழைய எஞ்சினில் இந்த விளையாட்டே கிடையாது. அங்கே ஒரு டைமிங் வளைவு, ஒரு விகிதம், ஒரு முடிவு.

உயர்ந்த கம்ப்ரஷன் என்றால் எஞ்சின் கொதிக்கும் என்ற நம்பிக்கையும் இங்கே திருத்தப்பட வேண்டியது. உச்ச வெப்பம் ஏறுவது உண்மை. ஆனால் வாயு அதிகம் விரிவதால் எக்ஸாஸ்ட்டில் வெளியேறும் சூடு குறைகிறது. எஞ்சினைக் கொதிக்கவைப்பது பெரும்பாலும் நாக்கிங்கும், பின்வாங்கிய டைமிங்கும், மெலிந்த கலவையும்தான்.

உஸ்மான் சாலையின் வெயில்

மேற்கண்ட எந்த விடையும் ஊரைக் கேட்பதில்லை. தியாகராய நகரில் ஓடும் வண்டிக்கு ஊர் முக்கியம். கடல்மட்டத்தில் காற்று முழு அடர்த்தியோடு உள்ளே போகிறது. உதகையில் காற்றழுத்தம் ஏறத்தாழ கால் பங்கு குறைவு. அங்கே அமைதியாக ஓடிய விகிதம் சென்னை வெயிலில் தட்டலாம். உள்ளே வரும் காற்றின் சூடு ஏறஏற எஞ்சின் கேட்கும் ஆக்டேனும் ஏறும். உஸ்மான் சாலையில் ஊர்ந்து வந்த காற்றுக் குளிர்ச்சி எஞ்சினுக்கு, மேம்பாலத்தில் நாலாம் கியரில் திடீரென்று திராட்டில் திருகும் அந்த நொடிதான் சோதனை: சூடான ஹெட், தாழ்ந்த சுற்று, நிறைந்த சிலிண்டர். ஓர் ஆறுதல், காற்றின் ஈரம் நாக்கிங்கைச் சற்று அடக்கும். சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை.

சிறு சிறு ஓட்டங்களில் கரி அதிகம் படியும். புதிதாகக் கட்டியபோது 91 ஆக்டேனில் அமைதியாக இருந்த எஞ்சின், கரி சேர்ந்தபின் அதைவிடச் சில எண்கள் அதிகம் கேட்பது நெடுங்காலமாக அறியப்பட்ட நிகழ்வு. கட்டிய நாளின் அமைதியை வைத்து விகிதத்தைச் சரியென்று முடிவுகட்டுவது அவசரம்.

இங்கிருந்து பார்த்தால், காற்றுக் குளிர்ச்சியுள்ள இரண்டு வால்வு எஞ்சினை இந்த ஊருக்காகக் கட்டுபவர் ஸ்குவிஷ் இடைவெளியையும் டைமிங்கையும் முதலில் ஒழுங்குபடுத்தி, விகிதத்தை 9-ஐ ஒட்டி நிறுத்துவது பொருத்தமாகப் படுகிறது. தொழிற்சாலை 9.5-இல் நிற்கும்போது, அதன் சோதனைக்கூடம் இல்லாத பட்டறை அதைத் தாண்டுவதற்கு வலுவான காரணம் வேண்டும். கிக்கரை உதைக்க டீகம்ப்ரஸர் நெம்புகோலைத் தேடும் கால்களும் இதற்கு வாக்களிக்கும்.

எத்தனால் கலந்த பின்

கணக்கை மறுபடி திறந்துவிட்டது, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலான இ20. எத்தனாலின் ஆக்டேன் 108 அளவில். ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கவும் செய்கிறது. இ20-இன் ஆக்டேன் 95 என்கிறது மத்திய பெட்ரோலிய அமைச்சகம். ரிக்கார்டோ இன்று இருந்தால் விகிதத்தை ஏற்றச் சொல்லியிருப்பார் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. டி.வி.எஸ். 2019-இல் முழு எத்தனாலில் ஓடும் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 200-ஐ வெளியிட்டது இந்தத் திசையில் ஒரு முன்முயற்சி.

மறுபக்கத்தில், லிட்டருக்கு எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய எரிபொருளுக்கு வடிவமைத்து இ10-க்குச் சீரமைத்த இருசக்கர வண்டிகள் இ20-இல் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் இழக்கலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 வழிவரைபடம் மதிப்பிட்டது. எஞ்சினை மாற்றியமைத்தால் இழப்பைக் குறைக்கலாம் என்றும் அது சொன்னது. 8.5-இல் நிற்கும் பழைய எஞ்சினுக்குக் கூடுதல் ஆக்டேனால் பயனில்லை. இழப்பு மட்டும் வந்துசேர்கிறது. மேலே சொன்ன இலட்சியக் கணக்கில் 8.5-இலிருந்து 9.5-க்கு ஏறினால் கிடைப்பது ஏறத்தாழ 3 சதவீதம். இழப்பும் வரவும் காகிதத்தில் கிட்டத்தட்ட நேர்.

காகிதத்தில் மட்டும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், கார்புரேட்டர் வண்டியில் ஜெட்டை மாற்றாவிட்டால் கலவை மெலிந்து ஹெட் சூடேறும். அந்த நிலையில் விகிதத்தையும் ஏற்றினால், எத்தனால் கொடுத்த பாதுகாப்பில் ஒரு பகுதியை நாமே பறிக்கிறோம். மெயின் ஜெட்டைப் பெரிதாக்கியபின் ஏற்றுவது வேறு கதை.

இன்னும் தீராதவை சில உண்டு. பங்க்கில் வரும் கலப்பு 20-இலேயே நிற்குமா, மேலும் ஏறுமா என்பது முதல் கேள்வி. விகிதம் இரும்பில் செதுக்கப்படுவது, அரசின் கொள்கை அப்படி அல்ல. சந்தையில் விற்கும் 95-க்கு மேற்பட்ட உயர்ரகப் பெட்ரோலை நம்பி 11 வைப்பவர், வெளியூரில் அது கிடைக்காத நாளுக்கு ஒரு வழி வைத்திருக்க வேண்டும். ஆக்டேன் சோதனையே 600 சுற்றில் ஓடும் தனி எஞ்சினில் நடப்பது. எத்தனால் கலந்த எரிபொருள் காற்றுக் குளிர்ச்சியுள்ள சூடான ஒற்றைச் சிலிண்டரில் அந்த எண்ணுக்கேற்பத்தான் நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பியூரெட்டும் கணக்கும் விகிதத்தைச் சொல்லிவிடும். அந்த எஞ்சின் மே மாத வெயிலில், கரி படிந்த பிறகு, மேம்பாலத்தில் தட்டுமா என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது.